குடிநோயும் குடும்பத்தார் கடமையும்

குடிக்கு அடிமையானவர் பட்டுத்தான் திருந்த வேண்டும் என்று கூறுவதைக் கேட்டிருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் வெகுகாலம் இந்த எண்ணமே நிலவிற்று. வேலை, வீடு, உடல்நலம் யாவும் இழந்து அடிமட்டத்தைத் தொட்ட பின்னரே குடிப்பவர் உதவியை நாடுவார். அதுவரை சுற்றத்தார் செய்யக்கூடியது எதுவுமில்லை என்று பலரும் நம்பினர். இந்த நம்பிக்கை பிழையானது என்று எடுத்துக்காட்டியவர் வெர்னன் ஜான்ஸன் என்னும் பாதிரியார்.

இவர் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகர்ப் பகுதியில் பணியாற்றிய எபிஸ்கோபல் திருச்சபைக் குருவானவர். பிறருக்கு நல்வழி கூறும் நிலையில் இருந்த அவரே குடிக்கு அடிமையாகிப் பின்னர் மீண்டவர். 1960-களில் அவரும் அவருடைய குழுவினரும், குடியினின்று மீண்ட ஏறத்தாழ 200 பேரின் வரலாற்றை ஆராய்ந்தனர். அவர்களை உதவி தேடச் செய்தது எது என்பதே ஆராய்ச்சியின் நோக்கம்.

கிடைத்த விடை தெளிவானது. எவரும் திடீரென்று தாமாகவே அறிவு தெளிந்து வந்தவரல்லர். வேலையில் எச்சரிக்கை, குடும்பத்தில் பிளவு, உடல்நலக் கேடு எனப் பல நெருக்கடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே அவர்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தன. அப்படியாயின், அந்நெருக்கடிகள் முற்றி ஆளையே அழிக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அவற்றை உரிய வேளையில் அவர் கண்முன் வைத்தால் முன்னரே மீட்கலாமன்றோ? இதுவே ஜான்ஸன் கண்ட வழி. இதனைப் பரப்ப 1966-இல் மினியாபொலிஸில் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. 'நாளை விட்டுவிடுவேன்' என்று பொருள்படும் பெயருடன் 1973-இல் அவர் நூலும் வெளிவந்தது.

குடிப்பவர் தம் நிலையைத் தாமே ஏன் உணர்வதில்லை? ஜான்ஸன் இதற்குக் காரணம் கூறினார். மிகுதியாகக் குடித்த வேளையில் நிகழ்ந்தவை பல நினைவிலேயே நிற்பதில்லை. நினைவில் நிற்பவையும் இன்பமாகவே தோன்றும். உள்ளத்தை உறுத்தும் அவமானத்தை மறைக்க அவர் பிறர்மேல் பழி சுமத்துவார். குடும்பத்தாரோ அன்பினால், அவருக்குக் காய்ச்சல் என்று பொய் கூறி விடுப்புப் பெறுவர்; கடனையும் தீர்ப்பர். இதனால் குடியின் விளைவு அவரைத் தீண்டாமலே போகிறது.

ஆகவே, அவர் மதிக்கும் சிலர், அதாவது மனைவி, மக்கள், உடன்பிறந்தோர், நண்பர், முதலாளி ஆகியோர், பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையுடன் முதலில் தனியே கூடுகின்றனர். ஒவ்வொருவரும் தாம் நேரில் கண்டதை நாளும் நிகழ்ச்சியுமாக எழுதி வைத்துச் சொல்லிப் பழகுகின்றனர். பின்னர், அவர் போதையின்றி இருக்கும் வேளையில் அனைவரும் ஒன்றாகச் சென்று பேசுகின்றனர். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்பது வசை. "சென்ற வெள்ளிக்கிழமை நம் மகளின் பிறந்தநாள். நள்ளிரவில் போதையோடு வந்தீர்கள். குழந்தை அழுதுகொண்டே உறங்கினாள்" என்பது உண்மை. வசைக்கு எதிர்வசை வரும். அன்போடு கூறும் உண்மையை மறுப்பது அரிது. சிகிச்சைக்கான இடத்தையும் முன்னரே ஏற்பாடு செய்து வைப்பர். மறுத்தால் தாம் செய்யப்போவதாகக் கூறுவது எதுவாயினும், அதனை உறுதியாக நிறைவேற்ற இயலுமாயின் மட்டுமே கூறுவர்.

இம்முறைக்கும் குறையுண்டு. நியூ மெக்ஸிகோவில் 130 குடும்ப உறுப்பினரைக் கொண்டு நடத்தி 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஜான்ஸன் முறையில் பயிற்சி பெற்றோரில் சுமார் 30 சதவீதத்தினரே தம்மவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். பெரும்பாலோர் அக்கூட்டத்தை நடத்தவே துணியவில்லை. குடிக்காத நாளில் அன்பு காட்டுதல், குடித்த வேளையில் விலகியிருத்தல் முதலியவற்றைக் குடும்பத்தாருக்குப் பொறுமையாகக் கற்பிக்கும் மற்றொரு முறையில் 64 சதவீதத்தினர் வெற்றி கண்டனர். வழிகள் வேறாயினும், குடும்பம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதில் இரண்டும் ஒன்றே.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். வன்முறைக்கு அஞ்சும் வீட்டில் ஆலோசகரின் துணையின்றி இவ்வாறு கூடிப் பேச முயலலாகாது.

பயிரில் நோய் கண்ட உழவர், வயல் முழுவதும் கருகட்டும் என்று காத்திருப்பதில்லை. முதல் இலை வாடியபோதே மருந்து தேடுகிறார். பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் ஒரு குடும்பம் இத்துன்பத்தைச் சொல்லி வரும்போது, "அவனாகத் திருந்துவான்" என்று கூறி அனுப்பிவிடாமல், சிகிச்சைக்கு வழிகாட்டுவதே அவர்கள் செய்யத்தக்க உதவியாகும்.