நடுக்கடலில் இணையம்: ஒரே கயிற்றை நம்பக் கூடாது

1938ஆம் ஆண்டு, வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதை வாங்கிய அமெரிக்கர் கப்பலுக்கு வேறு பெயர் சூட்டியிருந்தார். ஆனால், ஓட்டிச் சென்றவர்கள் எமது ஊர்க் கடலோடிகள். அந்தக் காலத்தில் கடலுக்குப் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்பது, அடுத்த துறைமுகத்திலிருந்து கடிதமோ தந்தியோ வந்தால்தான் வீட்டுக்குத் தெரியும்.

இன்றும் பாய்மரப் படகுகள் பெருங்கடல்களைக் கடக்கின்றன. பத்துப் பதினைந்து மீற்றர் நீளமான படகையே வீடாக்கி, வருடக்கணக்கில் கடலில் வாழும் குடும்பங்கள் உலகமெங்கும் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மாலைதீவு, செங்கடல் நோக்கிச் செல்லும் படகுகள் வழியில் காலியிலும் திருகோணமலையிலும் நங்கூரமிடுவதுண்டு. இவர்களில் பலர் படகிலிருந்தே இணையவழி வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் படகிலேயே படிக்கிறார்கள். தாய்லாந்தின் புக்கெட் தீவிலிருந்து இலங்கைக்குச் சுமார் 1,100 கடல்மைல். மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் வந்தால் ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் காலநிலை அறிக்கையும் வீட்டாரின் குரலும் எப்படி வந்து சேர்கின்றன?

தொடர்பு அறுந்திருப்பது என்றால் என்ன என்பதை வடக்கு, கிழக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் செஞ்சிலுவைக் கடிதத்தில் வரும் சில வரிகளுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. கடலில் வாழ்பவர்கள் அந்தத் துண்டிப்பை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் எமது கடற்றொழிலாளர்களும் எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. அவர்கள் பட்டறிந்து சொல்வது ஒன்றுதான்: எந்த ஒரு கருவியையும் தனியாக நம்பாதே.

கரையோரம்: உயரம்தான் கணக்கு

கரை தெரியும் தூரத்தில் மிகவும் மலிவான வழி, அந்தந்த நாட்டின் சிம் அட்டைதான். ஆனால், கைத்தொலைபேசி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. கரையிலுள்ள கோபுரம் 50 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். படகில் அமர்ந்திருப்பவரின் தொலைபேசி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ‘பார்க்கும்’ எல்லை சுமார் 33 கிலோமீற்றர். அதே தொலைபேசியை 15 மீற்றர் உயரமான பாய்மர உச்சிக்குக் கொண்டுபோனால் அந்த எல்லை சுமார் 45 கிலோமீற்றராகிறது. இது வடிவியல் தரும் உச்ச எல்லை. நடைமுறையில் இணைப்பு அதற்கு முன்பே தளர்ந்துவிடும்.

திரையில் ‘சிக்னல்’ கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகாத அனுபவம் பலருக்கு இருக்கும். கோபுரத்தின் குரல் பெரியது, அது தொலைபேசிக்குக் கேட்கிறது. தொலைபேசியின் குரல் சிறியது, அது கோபுரத்துக்குக் கேட்பதில்லை. அதனால்தான் படகில் வாழ்பவர்கள் சிம் அட்டை போடும் ரௌட்டரை வாங்கி, அதன் அன்ரெனாவை வெளியே உயரத்தில் பொருத்துகிறார்கள். இடையில் வரும் கேபிள் நீளநீள அலையின் வலு குறையும் என்பதால், ரௌட்டரையும் அன்ரெனாவுக்கு அருகிலேயே வைப்பது நல்லது. செலவில்லாத வழியும் உண்டு: ‘ஹொட்ஸ்பொட்’ போட்ட தொலைபேசியை நீர்புகாத பையில் இட்டு, பாய் ஏற்றும் கயிற்றில் கட்டி மேலே இழுத்துவிடுவது.

கரை மறைந்த பிறகு

கரை மறைந்தால் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். முன்பு செய்மதி இணையம் என்றால் பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதிகளையே நம்பியிருக்க வேண்டும். ஒரு செய்தி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேலாகும். அசையும் படகில் அந்தச் செய்மதியை விடாது நோக்கி நிற்கப் பெரிய, விலையுயர்ந்த கருவியும் தேவை. ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அதனால் தாமதமும் குறைவு, கருவியும் சிறிது. நடுக்கடலில் இருந்து முகம் பார்த்துப் பேசுவது சாதாரண படகுக்காரருக்கும் இயலுமானது இதற்குப் பிறகுதான். இலங்கையில் இந்த நிறுவனத்துக்கு 2024இல் உரிமம் கிடைத்து, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது.

ஆனால், இதற்கும் பலவீனங்கள் உண்டு. வானம் தடையின்றித் தெரிய வேண்டும். பாயும் பாய்மரமும் மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். தரையில் செல்லுபடியாகும் கட்டணத் திட்டம் ஆழ்கடலில் செல்லுபடியாகாமல் போகலாம். வங்கி அட்டை காலாவதியானால் சேவை நின்றுவிடும். நடுக்கடலில் நின்று வங்கியோடு பேசவும் அதே இணையம்தான் வேண்டும். 2025 ஜூலை 24ஆம் திகதி மென்பொருள் கோளாறு ஒன்றினால் அந்த வலையமைப்பு உலகளவில் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. கரையில் இருப்பவருக்கு அது எரிச்சல். புயலுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் படகுக்கு அது வேறு விடயம்.

மின்சாரம் என்ற மற்றக் கணக்கு

படகில் மின்சாரச் சபை இல்லை. சூரியப் படலும் பற்றரியும்தான். ஸ்டார்லிங்கின் சிறிய கருவி ஏறத்தாழ 30 வோற் எடுக்கிறது என்று வைத்தால், 24 மணி நேரத்துக்கு 720 வோற்-மணி. நல்ல வெயிலில் 100 வோற் சூரியப் படல் ஒன்று நாளுக்கு 400 வோற்-மணி அளவில் தரும். அதாவது, இணையத்துக்கு மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு படல்கள். குளிர்சாதனப் பெட்டி, இரவு விளக்குகள், தானியங்கிச் சுக்கான் எல்லாம் அதற்கு மேல். ஆகவே, அனுபவமுள்ளவர்கள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று குறித்து வைத்தே கருவியைப் போடுகிறார்கள். வெயில் இல்லாத, கடல் கொந்தளிக்கும் நாட்களில்தான் காலநிலைத் தகவல் அதிகம் தேவை. மின்சாரம் மிகக் குறைவாக இருப்பதும் அதே நாட்களில்தான்.

மெல்லிய கயிறு

இதனால்தான் பழைய, மெதுவான வழிகளைப் பலர் கைவிடவில்லை. 66 செய்மதிகளைக் கொண்ட இரிடியம் வலையமைப்பு துருவங்கள் உட்பட உலகம் முழுவதையும் தொடுகிறது. அதன் பழைய தொலைபேசிகளின் தரவு வேகம் விநாடிக்கு 2.4 கிலோபிட் மட்டுமே. 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அனுப்ப இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கும். ஆனால், காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் 50 கிலோபைட் கோப்பு மூன்று நிமிடத்தில் வந்துவிடும். உயிர் காக்கும் தகவல் பெரும்பாலும் சிறியது. குறும்படை வானொலியில் மோடம் ஒன்றை இணைத்து, செய்மதியே இல்லாமல் மின்னஞ்சல் அனுப்பும் முறையும் இன்னும் பாவனையில் உள்ளது.

2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21ஆம் திகதி, தனியாகப் படகில் உலகைச் சுற்றும் ‘கோல்டன் குளோப்’ போட்டியில் ஓடிக்கொண்டிருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் புரண்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்ட அவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை. இடம் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல்மைல் தொலைவு. அவரது நிலையை வெளியுலகுக்குச் சொன்னது, குறுஞ்செய்தி மட்டும் அனுப்பக்கூடிய சிறிய செய்மதிக் கருவி. அவசர சமிக்ஞைக் கருவியையும் அவர் இயக்கினார். 24ஆம் திகதி பிரெஞ்சு மீன்பிடிக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று அவரை மீட்டது.

இதிலிருந்து தெரிவது: பாய்மரம் முறிந்தால் அதன் உச்சியில் இருக்கும் அன்ரெனாக்களும் போய்விடும். எனவே, தனக்கென்று பற்றரியுள்ள, கையில் எடுக்கக்கூடிய கருவி ஒன்று வேறாக இருக்க வேண்டும். 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செய்மதி வழியாக மீட்பு நிலையங்களை எழுப்பும் அவசர சமிக்ஞைக் கருவிக்கு மாதக் கட்டணமும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. படகின் விபரங்களை முன்கூட்டியே பதிவு செய்திருப்பது மட்டும் அவசியம். இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அது இந்தக் கருவியின் இடத்தை நிரப்பாது.

எல்லை தாண்டும் அலைகள்

கடலில் கோடு தெரியாது, சட்டத்தில் தெரியும். இந்தியாவில் அனுமதியின்றிச் செய்மதித் தொலைபேசி வைத்திருப்பதே குற்றம். இலங்கையிலும் வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. அலையும் காற்றும் எல்லை தாண்டித் தள்ளிவிடக்கூடிய கடலில் தொழில் செய்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

எமது கடலுக்கு

ஸ்டார்லிங்க் பொருத்த வசதியில்லாத சிறு படகில், ஒரு கைத்தொலைபேசியோடு கடலுக்குப் போகிறவர்களே எம்மிடையே அதிகம். அவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். இணைப்பு தளர்ந்தால் தொலைபேசியை உயர்த்திப் பிடியுங்கள். குரல் போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும். பற்றரியைப் பாட்டுக்கும் படத்துக்கும் செலவழிக்காமல் திரும்பும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். தொலைபேசி ஒருவரை மட்டுமே அழைக்கும். கடல்சார் வானொலியின் 16ஆவது அலைவரிசையோ சுற்றியுள்ள எல்லாக் கலங்களுக்கும் கேட்கும். ஆபத்தில் முதலில் வந்து சேரக்கூடியவர் பக்கத்துப் படகுக்காரர்தான்.

எந்தக் கருவியும் தேவைப்படாத வழி ஒன்றும் உண்டு. நீண்ட பயணம் புறப்படும் படகுக்காரர்கள் ஒரு தாளை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்: எங்கே போகிறோம், எத்தனை பேர், படகின் நிறமும் இலக்கமும் என்ன, எப்போது திரும்புவோம், எத்தனை மணி நேரம் செய்தி இல்லாவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும். செய்தி வராத ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து என்று அர்த்தமில்லை. பற்றரி இறங்கியும் இருக்கலாம். எப்போது தேடத் தொடங்குவது என்பதை அந்தத் தாள் சொல்லும். காத்திருந்து பழகிய எமது வீடுகளில் அந்தத் தாள் ஒன்று இருக்கட்டும்.