வன்கொடுமை தடுக்கும் தொண்டு நிறுவனங்களும் அளவைச் சிக்கலும்

பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் இழைக்கப்பெறும் வன்கொடுமையைத் தடுக்க முற்பட்ட தொண்டு நிறுவனங்கள் இன்று உலகெங்கும் உள. அவற்றின் பணியால் கொடுமை குறைந்ததா என்னும் வினா எளிதாகத் தோன்றும், விடையோ எளிதன்று. அவ் விடையை ஆராய்ச்சியாளர் எவ்வெவ் வழிகளால் தேடினர், அவ் வழிகள் எத்துணை வலியுடையன என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

சைவ சித்தாந்த நூலார் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கொள்வர். அப் பாகுபாட்டைச் சிறிது விரித்து இங்கும் கொள்ளலாம். இல்லத்தினுள் நிகழும் கொடுமையைக் காணும் வாய்ப்பு ஆய்வாளர்க்கு இல்லை. துன்புற்றோர் உரையும், அவ் வுரைகளை ஒப்பிட்டுப் பெறும் கருதலுமே எஞ்சுகின்றன.

பதிவேடு கூறுவது

ஒரு நிறுவனத்தின் முறையீட்டு ஏட்டில் சென்ற ஆண்டு நூறு பதிவுகளும் இவ்வாண்டு இருநூறு பதிவுகளும் உள என வைத்துக்கொள்வோம். கொடுமை இருமடங்காயிற்று எனல் பொருந்துமா? பொருந்தாது. நிறுவனத்தை அறிந்தோர் தொகை பெருகியிருக்கலாம்; வாய் திறக்கும் துணிவு பிறந்திருக்கலாம். டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இல் மும்பைக் காவல்துறையினுள்ளேயே மகளிர்க்கும் குழந்தைகட்கும் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. உதவி அணுகுதற்கு எளிதாகுமிடத்துப் பதிவு பெருகுதல் இயல்பே. எனவே, ஏடு காட்டுவது நாடி வந்தோர் தொகையே. துன்புற்றோர் தொகை அன்று. இவ் வேறுபாட்டை மறப்பின், நன்கு உழைக்கும் நிறுவனமே தோற்றதாகக் கருதப்பட்டுப் பொருளுதவி இழக்கவும் நேரும்.

வினாவும் சொல்லும்

அடுத்தது இல்லந்தோறும் சென்று வினவும் முறை. இங்குச் சொல்லே முதலிடம் பெறுகின்றது. 'உம்மீது வன்முறை நிகழ்ந்ததுண்டா?' என வினவின், பலர் 'இல்லை' என்பர். கணவன் அடித்தலை வழக்கமெனக் கொண்ட குடும்பத்தில் அதற்கு வன்முறை என்னும் பெயரே இல்லை. ஆதலின், உலக நல நிறுவனம் 2005-இல் வெளியிட்ட பன்னாட்டாய்வில், அறைதல், தள்ளுதல், உதைத்தல் எனச் செயலைச் சுட்டியே வினவினர். 10 நாடுகளில் 24,000-க்கு மேற்பட்ட பெண்டிர் விடை பகர்ந்தனர். கணவராலோ துணைவராலோ உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ கொடுமையுற்றோர் இடத்திற்கேற்ப நூற்றுக்கு 15 முதல் 71 வரை இருந்தனர். பெருநாட்டின் புளோரா திரிஸ்தான் மையம், வங்காளதேசத்தின் நாரிபக்கோ முதலிய பெண்கள் அமைப்புகள் இவ் வாய்வில் பங்கு கொண்டன. ஒரு வீட்டில் ஒருத்தியையே தனிமையில் வினவுதல், பிறர் வரின் பேச்சை மாற்றுதல் என்பன அவர் கைக்கொண்ட நெறிகள். வினவுதலே ஊறு விளைக்கக்கூடிய ஆய்வு இஃது என்பதை நாம் மறத்தலாகாது.

ஒப்பீடு தரும் தெளிவு

மூன்றாவது, பணி நிகழ்ந்த ஊரையும் நிகழாத ஊரையும் ஒப்பிடும் முறை. உகாண்டாவில் 'ரைசிங் வாய்சஸ்' என்னும் நிறுவனம் வகுத்த திட்டம் 'சாசா'. சுவாகிலி மொழியில் இச் சொற்கு 'இப்பொழுது' என்பது பொருள். கம்பாலா நகரின் 8 குடியிருப்புகளில் நான்கில் மட்டும் இதனை நடத்தி, 2007 முதல் 2012 வரை ஆய்ந்தனர். முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. பணி நிகழ்ந்த இடங்களில் ஓராண்டிற்குள் துணைவரால் உடற்கொடுமையுற்ற பெண்டிர் வீதம் 52 விழுக்காடு குறைவாக இருந்தது. எனினும், குடியிருப்புகள் எட்டேயாதலின் இவ் வெண்ணைப் புள்ளியியல் முறைப்படி உறுதியாகக் கொள்ளல் இயலாது. கொடுமையை ஏற்கத்தக்கதெனக் கருதும் மனப்பான்மை பெண்டிரிடையே குறைந்தது என்னும் முடிவே உறுதி மிக்கது.

மாலா துன், லாரல் வெல்டன் ஆகிய இருவரும் 1975 முதல் 2005 வரை 70 நாடுகளின் அரசுக் கொள்கைகளை ஒப்பிட்டு, 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாட்டின் செல்வம், சட்டமன்றத்தில் பெண்டிர் தொகை ஆகியவற்றினும், கட்சிகளைச் சாராத பெண்கள் இயக்கங்களின் வலிமையே கொடுமைக்கெதிரான கொள்கைகட்குப் பெருங்காரணம் என்பது அவர்தம் முடிவு. ஆயினும், கொள்கை பிறத்தல் வேறு; இல்லத்தில் அடி நிற்றல் வேறு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பதிவேடு, வினா, ஒப்பீடு ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருளை அளப்பன என்பதும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது பிழை என்பதும் பெறப்படும். தமிழாய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. 'எங்கள் வீட்டில் சண்டை' என ஒருத்தி கூறுமிடத்து, அச் சொல் வாய்ப்பூசலைக் குறிக்கின்றதோ, உடற்காயத்தை மறைக்கின்றதோ என அறிதல் வட்டார வழக்காராய்ச்சியின்பாற் படும். அதனை அறியாது தொகுக்கும் எண் எத்துணைப் பெரிதாயினும் உண்மையாகாது. வினாத்தாள் வகுக்குமுன் அவ் வழக்குகளைத் தொகுத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.