மடிக்கணினியைத் திண்மநிலை வட்டுக்கு மாற்றுதல்

மடிக்கணினியைத் திண்மநிலை வட்டுக்கு மாற்றுதல் என்பது, பழைய மடிக்கணினியில் உள்ள சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எஸ்எஸ்டி எனப் பரவலாக அழைக்கப்படும் திண்மநிலை வட்டைப் பொருத்துவதாகும். பழைய கணினியின் வேகத்தைக் கூட்டக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மாற்றங்களில் இது முதன்மையானது. ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் இது ஏற்றதன்று. கணினி மெதுவாக இயங்குவதற்கு வன்தட்டுதான் காரணமா, கணினியின் மற்ற உறுப்புகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

பின்னணி

தமிழ்நாட்டில் இக்கேள்வி பல இலட்சம் வீடுகளைத் தொடுகிறது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இக்கணினிகள், விண்டோசுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சு இயங்குதளத்தையும் கொண்டிருந்தன. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் 2 ஜிகாபைட் ரேமும் 320 ஜிகாபைட் சுழல் வன்தட்டும் இருந்தன.

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிப் பகுதிகளிலும் இக்கணினிகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. பெற்ற மாணவர் படிப்பை முடித்த பிறகு தம்பி தங்கைகளின் படிப்புக்கோ, கோழிப்பண்ணைத் தீவனக் கணக்குக்கோ, லாரி அலுவலகத்தின் வாடகைப் பதிவுக்கோ, விசைத்தறிக் கூடத்தின் கூலிக் கணக்குக்கோ அவை கைமாறியிருக்கின்றன. பல குடும்பங்களுக்கு வீட்டில் உள்ள ஒரே கணினி அதுவே. எனவே புதிய கணினிக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிடுவதா, பழையதைச் சிறு செலவில் மீட்டெடுப்பதா என்பது குடும்ப வரவு செலவோடு தொடர்புடைய முடிவாகிறது.

2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கான மடிக்கணினிகளில் 8 ஜிகாபைட் ரேமும் 256 ஜிகாபைட் எஸ்எஸ்டியும் கேட்கப்பட்டன. இதனால் ஒரே வீட்டில் அண்ணனிடம் சுழல் வன்தட்டுக் கணினியும் தங்கையிடம் எஸ்எஸ்டி கணினியும் இருப்பதும், இரண்டின் வேக வேறுபாடு கண்ணெதிரே தெரிவதும் இயல்பாகிவிட்டது.

இரண்டும் இயங்கும் முறை

வன்தட்டின் வரலாறு 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில் தொடங்குகிறது. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல, அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனை தரவைப் படிக்கிறது. மடிக்கணினி வன்தட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகும். தேவையான இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரமும், முனை நகர ஏறத்தாழ 12 மில்லிநொடியும் தேவை. ஆக, ஒரு கோப்பைத் தேடி எடுக்க 17 மில்லிநொடி வரை செல்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 60 தேடல்களே இயலும்.

எஸ்எஸ்டியில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. தோசிபா நிறுவனத்தில் புசியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய பிளாசு நினைவகமே இதன் அடிப்படை. தரவு மின்னூட்டமாகச் சில்லுகளில் சேமிக்கப்படுகிறது. எங்கிருந்து படித்தாலும் ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். கணினி தொடங்கும்போது சிதறிக் கிடக்கும் 10,000 சிறு துண்டுகளைப் படிக்க வேண்டும் என்று கொண்டால், வன்தட்டுக்கு மூன்று நிமிடம் நெருங்கிவிடும்; எஸ்எஸ்டிக்கு ஒரு நொடி அளவே ஆகும். பெரிய திரைப்படக் கோப்பை நகலெடுப்பதில் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இராது. கணினியைத் தொடங்குதல், உலாவியைத் திறத்தல், கணக்கு மென்பொருளை ஏற்றுதல் போன்ற அன்றாட வேலைகள் சிறு துண்டுகளைத் தேடும் வேலைகள் என்பதால், பயனர் உணரும் மாற்றம் அங்கேதான் மிகுதி.

மெதுவாக இயங்குவதன் காரணத்தை அறிதல்

வாங்குவதற்கு முன் கணினியையே சோதித்துப் பார்க்கலாம். விண்டோசு 8 முதல் உள்ள பணி மேலாளரைத் திறந்து வைத்துவிட்டு வழக்கமான வேலையைச் செய்ய வேண்டும்.

வட்டுப் பயன்பாடு நீண்ட நேரம் 100 விழுக்காட்டை ஒட்டியும், செயலிப் பயன்பாடு குறைவாகவும் இருந்தால் தடை வன்தட்டில் உள்ளது. எஸ்எஸ்டி நல்ல பலன் தரும்.

நினைவகப் பயன்பாடு நிரம்பியிருந்தால் முதல் தேவை ரேம். இடம் போதாதபோது கணினி வட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்துகிறது. வட்டு நெரிசலுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். 2 ஜிகாபைட் ரேமுள்ள கணினியில் எஸ்எஸ்டி மட்டும் பொருத்தினால் நெரிசல் குறையுமே தவிரத் தீராது. ரேமையும் 4 அல்லது 8 ஜிகாபைட்டுக்கு உயர்த்துவது நல்லது. டிடிஆர்3 வகைக்கு டிடிஆர்4 பொருந்தாது என்பதால் வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

செயலிப் பயன்பாடே 100 விழுக்காட்டில் நின்றால் எஸ்எஸ்டியால் பெரும் பயன் இல்லை. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு போன்ற பணிகளுக்குப் பழைய செயலி ஈடுகொடுக்காது. இணையம் மட்டும் மெதுவாக இருந்தால் காரணம் இணைப்பில் இருக்கலாம்.

வன்தட்டு டக்டக் என்று ஒலித்தாலோ, உடல்நிலை காட்டும் மென்பொருள்களில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ வேகத்தைப் பற்றி யோசிக்கும் நேரம் கடந்துவிட்டது. தரவை உடனே வேறிடத்தில் படியெடுக்க வேண்டும்.

பொருத்தம் பார்த்தல்

பழைய மடிக்கணினிகள் பெரும்பாலும் 2.5 அங்குலச் சாட்டா வட்டை ஏற்பவை. சாட்டா மூன்றாம் தலைமுறை இணைப்பில் நொடிக்கு 550 மெகாபைட் வரையும், இரண்டாம் தலைமுறையில் அதில் பாதி அளவும் கிடைக்கும். இணைப்பு பழையதாக இருந்தாலும் தேடும் நேரம் குறைவதால் பயன் குறையாது. ஆகவே இக்கணினிகளுக்கு மிக வேகமான, விலை கூடிய வட்டைத் தேடத் தேவையில்லை.

பின்னர் வந்த கணினிகளில் எம்.2 எனப்படும் சிறு பொருத்துவாய் இருக்கலாம். இதில் சாட்டா, என்விஎம்இ என இருவகை உண்டு. வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று மாறாது. சில மலிவான கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் அதைக் கழற்றி மாற்ற இயலாது. கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது தவறான வட்டை வாங்குவதைத் தவிர்க்கும்.

வெப்பம், தூசி, மின்தடை

சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். மாவு ஆலை, தறிக்கூடம், பண்ணை ஆகியவற்றில் தூசியும் மிகுதி. கணினியைத் திறக்கும்போதே காற்றாடியைத் துடைத்துவிடுவது வேகத்துக்கும் ஆயுளுக்கும் உதவும். இரு சக்கர வண்டியிலும் பேருந்திலும் எடுத்துச் செல்லப்படும் கணினியில், இயங்கிக்கொண்டிருக்கும் வன்தட்டை அதிர்ச்சி பாதிக்கும். எஸ்எஸ்டிக்கு அந்தக் கவலை இல்லை.

எஸ்எஸ்டிக்கும் தனிக் குறைகள் உண்டு. முதலாவது, மின்தடை. மின்கலம் செயலிழந்த பழைய கணினி நேரடியாக மின்னிணைப்பில் ஓடும்போது, மின்சாரம் நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் வேலை பாதியில் அறுபடும். மலிவான எஸ்எஸ்டிகளில் இதற்கான பாதுகாப்பு பெரும்பாலும் இராது. எனவே மின்கலம் போன கணினிக்கு அதையும் சேர்த்து மாற்றுவதே முறை. இரண்டாவது, எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிப் பழுதடையும். அதிலிருந்து தரவை மீட்பது வன்தட்டைவிடக் கடினம். மூன்றாவது, மின்சாரம் இன்றி நெடுநாள் வைத்திருந்தால் அதில் உள்ள மின்னூட்டம் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த நிலையிலும், மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது செடெக் அமைப்பின் தரநிலை. வெப்பம் ஏற ஏற இக்காலம் குறையும். ஓட்டு வீட்டுப் பரணில் போட்டு வைக்கும் குடும்ப நிழற்படங்களுக்கு எஸ்எஸ்டி மட்டுமே காப்பாக இருக்க முடியாது.

எழுதும் ஆயுளைப் பற்றிய அச்சம் மிகையானது. 240 ஜிகாபைட் வட்டு ஒன்றுக்கு 80 டெராபைட் எழுதும் உத்தரவாதம் இருந்தால், நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும் 4000 நாள், அதாவது பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

இயங்குதளம்

விண்டோசு 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோசு 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் தேவை. 2011 முதல் சில ஆண்டுகள் வழங்கப்பட்ட கணினிகள் இத்தகுதியைப் பெறுவதில்லை. எஸ்எஸ்டி பொருத்தினாலும் இது மாறாது. வங்கிப் பரிமாற்றம் செய்யும் கணினியில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுபோன இயங்குதளத்தைத் தொடர்வது இடர் மிக்கது. உலாவி, ஆவணம், தமிழ்த் தட்டச்சு போன்ற தேவைகளுக்கு ஆதரவில் உள்ள லினக்சு பதிப்பு போதும். விண்டோசில் மட்டும் இயங்கும் கணக்கு மென்பொருளையே நம்பியிருப்போர், எஸ்எஸ்டி செலவைத் தவிர்த்துப் புதிய கணினிக்குச் சேமிப்பது நல்லது.

முடிவு எடுக்கும் வழி

வட்டே தடையாக இருந்து, திரை, விசைப்பலகை, கீல் ஆகியவை நன்றாக இருந்து, தேவையான மென்பொருள் ஆதரவுள்ள இயங்குதளத்தில் ஓடுமானால் மாற்றலாம். எஸ்எஸ்டி, ரேம், மின்கலம், கூலி ஆகிய நான்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகை அதே வேலைக்குப் போதுமான புதிய கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பழையதில் பணம் போடுவதைப் பற்றி மறுபடி யோசிப்பது தகும். இரண்டும் கெட்டான் நிலையில், முதலில் எஸ்எஸ்டி மட்டும் வாங்கலாம். கணினி பின்னர் பழுதானாலும் 2.5 அங்குல வட்டைக் கழற்றி மற்றொரு கணினியிலோ, யுஎஸ்பி உறையிலிட்டோ பயன்படுத்த முடியும். ரேமுக்கும் மின்கலத்துக்கும் அவ்வாறான மறுபயன் குறைவு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வட்டை மாற்றுவதற்கு முன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மறையாக்கம் செய்யப்பட்ட கணினியானால் மீட்புக் குறியீட்டைக் குறித்து வைக்க வேண்டும். பழைய வட்டை அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் பல ஆண்டுக் குப்பையும் உடன் வரும் என்பதால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே சிறந்தது. கொள்ளளவுக்குப் பொருந்தாத மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் பெயர் தெரியாத வட்டுகளில் போலிகள் உண்டு. பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் பெற்று வாங்குவது பாதுகாப்பு.

பழைய வன்தட்டைக் கடையில் விட்டுவிடக் கூடாது. அதில் ஆதார் நகல்களும் வங்கி விவரங்களும் இருக்கக்கூடும். நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி உறையிலிட்டு, நிழற்படங்களையும் கணக்குகளையும் மாதம் ஒருமுறை படியெடுத்து வைக்க அதையே பயன்படுத்தலாம். முன்னறிவிப்பின்றிப் பழுதடையக்கூடிய எஸ்எஸ்டிக்கு மலிவான துணை அதுவேயாகும்.