டிராக்டர் மேனிபோல்டில் விரிசல்: ஒட்டுவதா, மாற்றுவதா?

பழைய டிராக்டரைக் கொண்டு உழவும் போரடியும் நடத்தும் குடியானவர்களிற் பலர், எஞ்சினின் சப்தம் சற்று மாறினால் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஓடுகிறவரையில் ஓடட்டும் என்று விட்டுவிடுகின்றனர். அச்சப்தம் மேனிபோல்டில் கண்ட விரிசலால் உண்டாவதாயின், களத்தில் குவித்த வைக்கோலே அதற்கு இரையாகக்கூடும்.

சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் புகையை ஒன்றுசேர்த்துப் புகைபோக்கிக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயையே மெக்கானிக்குகள் மேனிபோல்டு என்பர். 1959-ஆம் ஆண்டின் கடைசி முதல் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினுடன் வெளிவந்த மாஸி பர்கூஸன் 35 போன்ற வண்டிகளில், இக்குழாய் பல்லாயிரம் முறை காய்ந்தும் ஆறியும் வந்துள்ளது. காயும்போது நீளும், ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்கும் உலோகமன்று. ஆதலால் நாளடைவில் கீறுகிறது.

விரிசலை அறியும் விதம்

காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் 'டிக், டிக்' என்று கேட்டுச் சூடேறியபின் அச்சப்தம் குறையுமாயின், மேனிபோல்டைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஆறியபின் கம்பி பிரஷினால் துருவைத் தேய்த்துப் பார்க்கவேண்டும். விரிசலின் ஓரமாகக் கரி படிந்திருக்கும். குழாயும் எஞ்சினும் சேருமிடத்தில் மட்டும் கரி இருப்பின், பழுது காஸ்கெட்டினுடையதாகவும் இருக்கலாம். அதற்காகக் குழாயை மாற்றுதல் வீண் செலவு.

ஒட்டுதல்

விரிசல் சிறிதாயும் போல்ட்டுத் துவாரங்களுக்கு எட்டாமலும் இருந்தால் வெல்டிங் செய்யலாம். விரிசலின் இரு நுனிகளிலும் சிறு துவாரமிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, விரிசல் நெடுகக் காடி எடுத்து, குழாய் முழுவதையும் சூடாக்கி, நிக்கல் ராடினால் ஒவ்வோர் அங்குலமாகப் பற்றவைக்கவேண்டும். பின்பு உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெள்ள ஆறவிடுக. சாதாரண இரும்பு ராடினால் அவசரமாகப் பற்றவைத்தால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் கீறும். பசை பூசுதல் சில நாளைக்கே உதவும்.

மாற்றுதல்

விரிசல் பல இடங்களில் கண்டாலும், முன்னமே ஒட்டிய இடம் மறுபடி விட்டாலும், புதிய குழாய் வாங்குவதே சிக்கனம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கழற்றுக. பலவந்தப்படுத்தினால் ஸ்டட் ஒடிந்து, சிறு வேலை பெருவேலையாகும். பொருந்தும் முகங்களில் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்து, கோணல் இருந்தால் பட்டறையில் சீவிச் சமப்படுத்துக. புதிய காஸ்கெட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் படிப்படியாக முடுக்குக. ஒரு நாள் ஓட்டி எஞ்சின் ஆறியபின், மறுமுறை சரிபார்த்தல் அவசியம்.

காரணத்தையும் நீக்குக

சூடான எஞ்சின்மீது தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கமும், புகைபோக்கியின் தாங்கி கழன்று அதன் பாரம் குழாயின்மேல் விழுதலும் விரிசலுக்குக் காரணமாகும். இவற்றைத் திருத்தாவிடில் புதிய குழாயும் கீறும்.

விரிசலினூடே சுடுபுகையும் தீப்பொறியும் வெளிவரலாம். மூடிய கொட்டகையில் அப்புகை உயிருக்கே ஆபத்து. ஆகவே, பழுதுள்ள வண்டியைக் களத்தில் விடாதிருக்கும்படி கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே எடுத்துரைத்தல் நலம். வேலை ஓய்ந்த கோடையில் அரைநாள் செலவிட்டுச் சோதிப்பவர், அறுவடையில் வண்டி நின்று கூலியாட்களுடன் காத்திருக்க நேராது.