கொவிட்-19: கிருமி குறையும் நேரத்தில் மூச்சுத்திணறுவது ஏன்?

கொவிட்-19 வந்து ஒரு வாரம். காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கிறது. "அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்று நினைக்கிறீர்கள்.

சிலருக்கு அப்போதுதான் மூச்சுத்திணறல் தொடங்குகிறது. அதுவும், கிருமியின் அளவு பெரும்பாலும் குறைந்துவரும் நேரத்தில்!

அப்படியென்றால் நுரையீரலைப் பாடாய்ப் படுத்துவது யார்? பெரும்பாலும் நம் உடலேதான்.

முதலில் நடப்பது என்ன?

கிருமி புகுந்த உயிரணுக்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடும். பக்கத்து உயிரணுக்களுக்கு அது எச்சரிக்கை மணி. வேறு சில புரதங்கள் வெள்ளை அணுக்களை வரவழைக்கும். காய்ச்சல், உடம்புவலி எல்லாம் அந்த வேலையால் வருபவைதான். பெரும்பாலோருக்குச் சில நாளில் எல்லாம் அடங்கிவிடும்.

எங்கே பிசகுகிறது?

சிலருக்கு அந்த மணி சரியாக அடிப்பதில்லை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொவிட்-19ஆல் உயிருக்குப் போராடிய 987 பேரில் 101 பேரின் உடல், சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கியிருந்தது. 10இல் ஒருவர்!

அதற்குள் கிருமி பெருகிவிடும். தாமதமாக விழித்துக்கொள்ளும் உடல் அளவுக்கு மீறிப் போராடும். மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியும். காற்று இருக்கவேண்டிய நுண்பைகளில் நீர் சேரும். உயிர்வாயு இரத்தத்தில் கலக்க முடியாமல் போகும்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருமே? இந்தக் கட்டத்தில் மருத்துவர்கள் அதை அடக்கத்தான் பார்க்கிறார்கள்.

2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அதை உறுதிசெய்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான, பழைய ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. உயிர்வாயு மட்டும் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு.

உயிர்வாயு தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை. தொடக்கத்தில் அந்த எதிர்ப்பு உடலுக்குத் தேவை. அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே போட்டுக்கொள்ளாதீர்கள்.

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த ஆக்ஸிமீட்டர் எங்கே? தேடி எடுத்து பேட்டரியை மாற்றுங்கள். உயிர்வாயு குறைந்தும் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரிவதில்லை. தாத்தா பாட்டிக்குத் தொற்று என்றால் இரண்டாம் வாரத்திலும் அளந்து பாருங்கள். விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறாகக் காட்டலாம்.

95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மருத்துவரை நாடுங்கள். மூச்சுவிடவே சிரமப்பட்டால் உடனே 995.