கீறலில் குற்றமில்லை, வாய் தேய்ந்தால்தான் வம்பு

1942-இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த மோசின்-நாகான் ரைஃபிளைத் தொட்டதும் விரலில் நெருடுவது கடைசல் வரிகள்தான். தோட்டா ஏறும் இரும்பு உடலின் மேலெல்லாம் வெட்டுளி ஓடிய தடம் அப்படியே இருக்கும். 1930களில் துலா ஆலையில் செய்த அதே ரைஃபிளோ வழுவழுவென்று கருநீல மெருகோடு இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை என்று நம்புவது கடினம்.

காரணம் போர். 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியதும் துலா ஆலையின் இயந்திரங்களைக் கழற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். உற்பத்திச் சுமை இஷெவ்ஸ்கின் தலையில் விழுந்தது. அங்கே முதலில் கைவிட்டது மெருகேற்றும் வேலையை. போல்ட்டின் பூட்டுக் காதுகள், தோட்டா அறை, குழலின் உட்புறம் ஆகியவற்றில் அளவு பிசகினால் சுடுபவன் உயிருக்கே ஆபத்து. வெளியே உள்ள வரியால் ஒரு தீங்கும் இல்லை.

உண்மையான கோளாறுகள் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். குழல்வாயை எடுத்துக்கொள்வோம். குண்டு வெளியேறும் கணத்தில் அதன் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பிரிய வேண்டும். விளிம்பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அங்கே வாயு முந்திக்கொண்டு வெளியேறும். குண்டு தள்ளாடும், குறி தப்பும். இந்தத் தேய்மானம் பெரும்பாலும் ஆலையின் குற்றமல்ல. ஆண்டுக்கணக்கில் இரும்புக் கம்பியை வாய்வழியே விட்டுச் சுத்தம் செய்ததன் விளைவு. சோவியத் பட்டறைகள் இதற்கு ஒரு வைத்தியம் கண்டன: தேய்ந்த வாய்ப்பகுதியை உட்புறமாகச் சற்று அகலமாகத் துளைத்து, குண்டு கடைசியாகத் தொடும் விளிம்பைத் தேயாத இடத்துக்கு நகர்த்தின. எளிய, அருமையான பழுதுபார்ப்பு.

இன்னொரு எதிரி உப்பு. அக்காலத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடாகத் தங்கி, ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெய் எவ்வளவு பூசினாலும் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும்.

ஜப்பானின் 99-ஆம் வகை ரைஃபிள் இங்கே நல்ல ஒப்பீடு. தொடக்கத்தில் அதன் குழலுக்குள் குரோம் பூச்சு இருந்தது. போர் முற்றியபோது மெருகு போனது, இரும்பு அடித்தகட்டின் இடத்தில் மரத்துண்டு வந்தது. இவை சில்லறைக் குறைகள். குரோம் பூச்சும் போனதுதான் பெரிய இழப்பு, துருவைத் தடுத்த கவசமே அதுதான்.

எந்தக் குறை சில்லறை, எது பெரிது என்ற இந்தக் கணக்கை ஃபின்லாந்துக்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மோசினின் உடல் பாகத்தை அவர்கள் ஒருபோதும் தாமே செய்யவில்லை. கைப்பற்றியும் விலைக்கு வாங்கியும் சேர்த்த உடலில், புதிதாகக் கடைந்த குழலையும் நன்கு பொருந்தும் மரக்கட்டையையும் பூட்டினார்கள். 1980களில் அந்நாட்டு ராணுவத்துக்கென உருவான டிகேஐவி 85 குறிசுடும் ரைஃபிளும் பழைய மோசின் உடலின் மேல் கட்டப்பட்டதுதான்.