கோல் வாயிலில் கெர்ட் முல்லர்

கால்பந்தாட்டத்தில் எதிரணியின் கோல் கம்பங்களுக்கு அருகில் நின்று, கோல் அடிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்ட முன்கள வீரர் ‘ஸ்ட்ரைக்கர்’ எனப்படுகிறார். அப்பணிக்கு இலக்கணம் வகுத்தவர் என்று சொல்லத்தக்கவர், 1945இல் ஜெர்மனியின் நோர்ட்லிங்கனில் பிறந்து, 1964இல் பேயர்ன் மியூனிக் கழகத்தில் சேர்ந்த கெர்ட் முல்லர். பருத்த தொடைகள் கொண்ட அவருடைய கட்டுக்குட்டான உடல்வாகு, பெனால்டி பகுதி எனப்படும், கோலுக்கு முன்னே கோடிட்ட செவ்வகத்தின் நெரிசலில், தடுப்பாட்டக்காரர் சுதாரிக்கும் முன் திரும்பிவிட உதவியது. 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிரான வெற்றி கோல் அதற்குச் சான்று: வலப்புறத்திலிருந்து சக வீரர் பான்ஹாஃப் அனுப்பிய பந்து, முன்னோக்கி ஓடிவந்த முல்லருக்குச் சற்றுப் பின்தங்கிவிட, அவர் பின்வாங்கி, உடலைத் திருப்பி, தரையோடு தரையாக அதை வலைக்குள் செலுத்தினார். தொலைவிலிருந்து பாயும் கோல்களுக்குக் கிடைக்கும் புகழ் இத்தகைய நுட்பத்துக்குக் கிடைக்காதது வருந்தத்தக்கது.

மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல்களும், அந்நாட்டின் முதல்நிலைத் தொடரான புண்டஸ்லிகாவில் 365 கோல்களும் அடித்த அவர், ஓய்வுக்குப் பின் மதுப்பழக்கத்தில் வீழ்ந்தபோது பழைய தோழர்கள் சிகிச்சைக்கு வழிசெய்து மீட்டனர். பேயர்ன் கழகம் பயிற்சியாளர் பணியும் தந்தது. நினைவாற்றலைச் சிதைக்கும் அல்சைமர் நோயுற்றிருந்த முல்லர் 2021 ஆகஸ்டில் காலமானார். 1971–72 பருவத்தில் அவர் அடித்த 40 கோல்கள் என்னும் புண்டஸ்லிகா சாதனையை, அதே கழகத்தின் லெவன்டோவ்ஸ்கி முல்லரின் மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கடந்திருந்தார்.